மூன்றாவது பிளாக்கின் கிழக்குப் பக்கம்

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தானுக்கு ரத்த அழுத்தம் இறங்கியதா? எனக்கு ஒரு குறையும் இல்லை, தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. பன்னிரண்டு வருடம் பத்திரிகையில் அடுத்தவர் பேசக் கேட்டே பிழைத்தவள், இப்போது நானே கத்த வேண்டியிருக்கிறது.

போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். வகுப்புப் பிள்ளைகளை வாரம் ஒரு கடிதம் கையால் எழுதச் சொன்னேன். "நீங்க யாருக்கு எழுதறீங்க டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். அதனால் நீ மாட்டிக்கொண்டாய்.

மொத்தம் பதினோரு பேர், எல்லாரும் பதினொன்றாம் வகுப்பு. பள்ளி விட்டதும் அறிவியல் கூடத்தில் ஒன்றரை மணி நேரம் செய்தி எழுதும் வகுப்பு. ஆற்றோரத் தகர வீடுகளை இடித்துவிட்டு, ஐந்து வருடத்துக்கு முன் வீட்டு வாரியம் மூன்று அடுக்குமாடி பிளாக்குகளில் குடிவைத்த குடும்பங்களின் பிள்ளைகள். முதல் நாள் ஒரு வருடத்துப் பத்திரிகைக் கட்டை மேசையில் போட்டு, "உங்க குடியிருப்பு எங்கெல்லாம் வந்திருக்குன்னு தேடுங்க" என்றேன். நான்கு இடத்தில் வந்திருந்தது. இரண்டு திருட்டு, ஒரு தீ விபத்து, ஒரு அடிதடி. "நாங்க வேற எதுவுமே பண்ணலையா டீச்சர்?" என்றாள் அதே கேள்விக்காரி. வகுப்பே அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுகிறது.

ஆகவே நாங்களே ஒரு தாள் போடப் போகிறோம். பெயர் 'எங்க பக்கம்'. வக்கீல் எழுதிய முதல் செய்திக்குத் தலைப்பு 'எங்கள் வீட்டில் பந்து தானாக ஓடும்'. கூடத்தின் நடுவில் பந்தை வைத்தால் யாரும் தொடாமலே அது உருண்டு சுவரோரம் போய் நிற்கிறதாம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு இன்னும் நாலு பேர் கை தூக்கி, "எங்க வீட்லயும்தான் டீச்சர்" என்றார்கள். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதில் போடு. போடாவிட்டால் வக்கீல் முன்னால் என் மானம் போய்விடும்.

உன் தங்கை

*

ஜூன் 27

அன்பு வாலுக்கு,

நாற்பது வயதானாலும் நீ எனக்கு வால்தான். முழங்கால் அதன் இஷ்டப்படி இருக்கிறது. ஆஸ்பத்திரி மருந்து கவுண்டரில் ஆறு மணி நேரம் நின்றால் அது வேறு என்ன செய்யும். தொண்டைக்கு உப்புத் தண்ணீர் கொப்பளி, மாத்திரை வேண்டாம்.

உன் கடிதத்தை அத்தான் சாப்பிடும்போது சத்தமாகப் படித்தேன். பத்திரிகைக் கட்டு வந்த இடத்தில் சிரித்தார். பந்து உருண்ட இடம் வந்ததும் கை கழுவ எழுந்துவிட்டார். பசியில்லை என்றார். அவருக்கு வயிறு சரியில்லை போல.

ஆமாம், உன் வக்கீல் இருப்பது எந்த பிளாக்? எத்தனையாவது மாடி? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

கொப்பளித்தேன், குரல் திரும்பிவிட்டது. அத்தானை நல்ல டாக்டரிடம் காட்டு, வயிற்றை அலட்சியம் செய்யக் கூடாது.

வக்கீல் வீடு மூன்றாவது பிளாக், தரைத்தளம். அவளுடைய அம்மா கட்டட வேலைக்குப் போகிற சித்தாள். செவ்வாய்க்கிழமை தலையில் சிமென்ட் தூசியோடு நேராக வகுப்புக்கு வந்தார்.

"சுவத்துல வர்ற வெடிப்பு ரெண்டு வகை. பூச்சு மட்டும் வெடிச்சா போகட்டும்னு விட்டுடலாம். சுவரே நடந்தா ஆகாது."

"எது நடக்குதுன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்றேன்.

"வெடிப்புக்குக் குறுக்கே காகிதத்தை இழுத்து ஒட்டுங்க. தேதி எழுதுங்க. கிழிஞ்சா நடக்குதுன்னு அர்த்தம்."

நான் வகுப்பில் நாள்கணக்கில் தொண்டை வற்றச் சொன்னதை அந்த அம்மா அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். நமக்குத் தோன்றுவது செய்தி இல்லை, அடுத்தவருக்குக் காட்ட முடிவதுதான் செய்தி. பிள்ளைகள் வீடு வீடாகப் போய் நாற்பத்தொரு காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, எந்தக் கதவு எப்போதிலிருந்து மூடவில்லை, எந்த ஜன்னல் எப்போது இறுகியது என்று அவரவர் சொன்னபடியே நோட்டில் எழுதுகிறார்கள். ஒரு கிழவர் தன் கதை முழுவதையும் சொல்லாமல் வெடிப்பைக் காட்ட மாட்டேன் என்று பிறந்த நாளிலிருந்து ஆரம்பித்துவிட்டாராம்.

நேற்று வக்கீல் வீட்டு வாசலில் நின்றபோது எனக்கு ஏனோ நிலம் சரிவது போல இருந்தது. பிரமையாகத்தான் இருக்கும்.

உன் தங்கை

*

ஜூலை 16

அன்பு வாலுக்கு,

நாங்கள் சுகமே. அவசரமாக எழுதுகிறேன்.

இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. ஆஸ்பத்திரி மருந்தகம் என்று போட்டு என் பெயருக்கு எழுது. போனிலும் இந்த விஷயம் வேண்டாம்.

பிள்ளைகளை வேறு ஏதாவது எழுதச் சொல்லேன். தண்ணீர் வராதது, பஸ் வராதது, எத்தனை இருக்கிறது. சின்னஞ்சிறுசுகள். சுவர் சமாச்சாரமெல்லாம் பெரியவர்கள் பாடு.

காரணம் கேட்காதே.

அக்கா

*

ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

நாற்பத்தொன்றில் இருபத்தாறு காகிதம் கிழிந்துவிட்டது. இருபத்தாறும் மூன்றாவது பிளாக். வாரியத்துக்குப் பிள்ளைகளே மனு எழுதிக்கொண்டு போனார்கள், கட்டடம் சரியாக இருக்கிறது என்று சான்று கொடுத்தது யார் என்று கேட்டு. கோப்பைக் காணவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் பள்ளிக்கு ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மரியாதையான பேச்சு. தலைமையாசிரியையிடம், "செய்தி வகுப்புல மொத்தம் எத்தனை பேரு? பேரும் வீட்டு நம்பரும் கொடுத்தா நல்லா இருக்கும், பரிசு கொடுக்கத்தான்" என்றாராம். தலைமையாசிரியை கொடுக்கவில்லை. ஆனால் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "எனக்கு ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தாம்மா இருக்கு" என்றார்.

அச்சகக்காரர் நாங்கள் கொடுத்த பக்கங்களை உறையைக் கூடப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வக்கீலின் அப்பா ஒரு கிடங்கில் காவல் வேலை. திங்கட்கிழமை அவரிடம் யாரோ, "உங்க பொண்ணு நல்லா எழுதுதாமே, எந்த வழியா பள்ளிக்கூடம் போகுது?" என்று கேட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் கேட்டார்கள். அன்றிலிருந்து பதினோரு பேரும் ஒன்றாகத்தான் போகிறார்கள், ஒன்றாகத்தான் வருகிறார்கள்.

மூன்று நாளாகச் சாயங்காலம் என் பின்னால் ஒரு வண்டி மெதுவாக வருகிறது. நான் மருந்துக்கடையில் நின்றால் அதுவும் நிற்கிறது. பத்திரிகையில் இருந்தபோது இதைவிடப் பெரிய மிரட்டலெல்லாம் பார்த்திருக்கிறேன். அப்போது என் ஒருத்தியின் உயிர். இப்போது பதினோரு பிள்ளைகளை நானே கொண்டுபோய் நடுத்தெருவில் நிறுத்திவிட்டேனோ என்று தோன்றுகிறது. விட்டுவிடலாம் என்று எழுந்தால், கிழிந்த காகிதங்கள் கண்ணில் நிற்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம்தான்.

நீ ஏன் காரணம் கேட்காதே என்றாய்? பதில் எழுது.

உன் தங்கை

*

செப்டம்பர் 1

அன்பு வாலுக்கு,

உடனே பதில் போட முடியவில்லை. ஸ்டாக் எடுக்கிற மாதம். முழங்காலுக்கு ஊசி போட்டேன். அத்தான் லீவில் இருக்கிறார். இங்கே மழை பிடித்துவிட்டது. அங்கேயும் மழையா?

நான்கு தாள் எழுதிக் கிழித்தேன். இதையாவது அனுப்பிவிடுகிறேன்.

மூன்றாவது பிளாக்கில் கிழக்குப் பக்க அறைகளில் யாரும் படுக்க வேண்டாம் என்று சொல். முக்கியமாக மூலைத் தூணை ஒட்டிய அறை. உன் வக்கீல் எந்தப் பக்கம் படுக்கிறாள்? மழை நாளில் அங்கே குழந்தைகளை விட வேண்டாம். நீ சொன்னதாகச் சொல், நான் சொன்னதாக வேண்டாம்.

அக்கா

*

செப்டம்பர் 5

அக்கா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை, மன்னித்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று வாரியத்து ஆட்கள் வந்து காகிதங்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெடிப்பை எல்லாம் பூசி வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள். நோட்டுப் புத்தகங்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. நேற்று மழையில் இரண்டாவது மாடியில் ஒரு கதவு இறுகி, உள்ளே இரண்டு வயதுக் குழந்தை. கடப்பாரை போட்டு நெம்பி எடுத்தார்கள். அந்த வீடு கிழக்குப் பக்கம். அங்கே படுக்க வேண்டாம் என்று நான் வீடு வீடாகச் சொல்லியிருந்தேன், பலர் கேட்கவில்லை. புதுப் பூச்சு அதற்குள் வெடித்துவிட்டது.

என் கடிதங்கள் ஒன்றிலும் நான் திசை எழுதவில்லை. மூலைத் தூண் என்று எழுதவே இல்லை. உனக்கு எப்படித் தெரியும்?

பிளாக் கட்டிய வருடங்களில் அத்தான் எங்கே வேலை பார்த்தார்? பாலம் வேலை என்று சொன்னீர்கள். எந்தப் பாலம், எந்த ஆறு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஊரையெல்லாம் கேள்வி கேட்டவள், வீட்டில் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

உன் தங்கை

*

செப்டம்பர் 14

அன்பு வாலுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். எழுத ஆரம்பிக்குமுன் அதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

பாலம் எதுவும் இல்லை. அத்தான்தான் அந்த மூன்று பிளாக்குக்கும் மேற்பார்வைப் பொறியாளர். நீ அப்போது பத்திரிகையில் இருந்தாய். அதனால்தான் உன்னிடம் பாலம் என்று சொன்னோம்.

மூன்றாவது பிளாக்கின் கிழக்குப் பக்கம் குளத்தைத் தூர்த்த இடம். மண்ணுக்குள் அறுபது அடி இறங்க வேண்டிய தூண்கள் அங்கே முப்பது அடியில் நின்றுவிட்டன. அத்தான் அதை அப்படியே எழுதி, வேலையை நிறுத்த வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். நான்கு நாள் அவரை மேலதிகாரி அறையில் உட்காரவைத்தார்கள். ஐந்தாம் நாள் எல்லாம் சரி என்று வேறு அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். முதல் அறிக்கையின் நகலை என்னிடம் கொடுத்து, "கிழிச்சுப் போட்டுடு" என்றார். நான் கிழிக்கவில்லை. காலாவதியான மருந்துகளின் பதிவேடுகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். ஏழு வருடமாக அந்த அலமாரியை யாராவது திறந்தால் எனக்குப் படபடக்கும்.

உன் கடைசிக் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"இத்தனை வருஷம் நின்னுடுச்சே. இனியும் நிக்கும்" என்றார்.

"நிக்கும்னா, அந்த ஊர் வழியா போற ரயில்ல கூட ஏன் ஏற மாட்டேங்கறீங்க?"

கடிதத்தை மடித்து என் பக்கம் தள்ளினார்.

"உள்ள ஒரு குழந்தை மாட்டிக்கிச்சாம். கடப்பாரை போட்டு எடுத்திருக்காங்க."

"எனக்கு ஜெயில்தான்" என்றார். "தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம் நீ என்ன பண்ணுவே?"

"தெரியல. பயமாத்தான் இருக்கு" என்றேன்.

எழுந்து போனவர் திரும்பி வந்து, "அந்த நகல் இருக்கா?" என்று கேட்டார். ஏழு வருடத்தில் முதல் தடவை. இருக்கிறது என்றேன். எங்கே என்று கேட்கவில்லை, எடு என்றும் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை.

அந்த நகலை இதோடு வைத்திருக்கிறேன். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அவர் பெயரைப் போடு என்றோ போடாதே என்றோ கேட்க எனக்கு வாயில்லை. கெட்டிக்காரத்தனமாக எதுவும் செய்யாதே, முதலில் பிள்ளைகளை வெளியே கொண்டுவா.

அக்கா

*

செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறாயா? ஏதாவது சாப்பிடு.

அறிக்கை கிடைத்தது. அன்றே வகுப்பில் படித்துக் காட்டினேன். கடைசிப் பக்கக் கையெழுத்து வந்ததும், "இவர் எங்க அக்கா வீட்டுக்காரர்" என்றேன். பதினோரு பேரும் என்னையே பார்த்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வாயைத் திறந்தது வக்கீல். அழுதுகொண்டிருந்தாள், ஆனாலும் கேட்டாள்: "எதிர்த்தரப்பையும் கேக்கணும்னு சொல்லிக் கொடுத்தீங்களே டீச்சர். அவர்கிட்ட நாங்க கேக்கலாமா?"

கேள்விகளை அவர்களே எழுதினார்கள். அத்தானுக்கு இதோடு அனுப்புகிறேன். நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. பிள்ளைகள் அன்றே மாடி மாடியாக ஏறி அறிக்கையை வாசித்துக் காட்டினார்கள். மூன்றாவது பிளாக்கின் அறுபது வீட்டில் பதினெட்டு வீடு காலி செய்து சொந்தக்காரர்களிடம் போயிருக்கிறார்கள். வக்கீல் வீட்டார் இரண்டாவது பிளாக்கில் சித்தி வீட்டில் ஒண்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் நம்பவில்லை. வாரியத்து ஆள் ஒலிபெருக்கி வைத்து வதந்தி என்கிறான். நாலாவது மாடிக்காரர் ஒருவர், "ஆத்தங்கரையிலேர்ந்து ஒரு தடவை விரட்டினீங்க, இப்ப இங்கேர்ந்தும் விரட்டறதுக்கு இது ஒரு வழியா?" என்று பிள்ளைகளைத் திட்டினார். அவர் கேட்டதிலும் தப்பில்லை, அக்கா. அவர்களை நம்பவைக்க ஒரு காகிதம் போதவில்லை.

மழை விடவில்லை. சத்தம் கேட்டாலே வெளியே ஓடிவந்து பார்க்கிறேன்.

உன் தங்கை

*

செப்டம்பர் 26

'எங்க பக்கம்' ஆசிரியர் குழுவுக்கு,

வணக்கம். உங்கள் கேள்விகள் கிடைத்தன. வரிசைப்படி பதில் எழுதுகிறேன்.

முதல் கேள்வி: அறிக்கையில் இருப்பது உங்கள் கையெழுத்தா? ஆம். இரண்டு அறிக்கையிலும் இருப்பது என் கையெழுத்துதான்.

இரண்டாவது: எது உண்மை? முதல் அறிக்கை.

மூன்றாவது: ஏன் மாற்றினீர்கள்? பயந்தேன். என்ன சொல்லிப் பயமுறுத்தினார்கள் என்பதை விசாரணையில் சொல்வேன். அது உங்களுக்குச் சமாதானமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நான்காவது: மற்ற இரண்டு பிளாக்குகள்? அவை கெட்டி மண்ணில் நிற்கின்றன, தூண்கள் முழு ஆழம் இறங்கின. ஆனாலும் என் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். வெளியாள் ஒருவரை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாவது: நாங்கள் குடிவந்த பிறகு எப்போதாவது வந்து பார்த்தீர்களா? இல்லை.

ஆறாவது: உங்களை அந்த வீட்டில் இருக்கச் சொன்னால் இருப்பீர்களா? ஒரு நாள் கூட இருக்க மாட்டேன்.

இதை என் பெயரோடும் பதவியோடும் அச்சிடலாம். நாளைக் காலை இதே பதில்களை எழுதிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
மேற்பார்வைப் பொறியாளர்

*

அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் அழுததோடு சரி, நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. காவலில் அத்தானைப் பார்க்க விட்டார்களா? மாத்திரை கொடுக்க விடுகிறார்களா? நடந்ததை முறையாக எழுதிவிடுகிறேன்.

அத்தானின் பதில் வந்ததும் தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். வினாத்தாள் அடிக்கிற மெஷின் இருக்கும் அறையின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "நான் பார்க்கல. சீக்கிரம் அடிங்க" என்றார். முந்நூறு தாள் அடித்தோம். மை காயுமுன் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள்.

ஆறாவது கேள்விதான் எல்லாரையும் கீழே இறக்கியது. அறிக்கையை நம்பாதவர்கள் அந்தப் பதிலை நம்பினார்கள். சாயங்காலத்துக்குள் மூட்டை முடிச்சோடு பள்ளி வகுப்பறைகளுக்கு வந்துவிட்டார்கள். கதவைத் திறந்துவிட்டதும் தலைமையாசிரியைதான். யார் கேட்டாலும் "மழைக்கு ஒதுங்கியிருக்காங்க" என்றே சொன்னார்.

ஒரு வாரம். கட்டடம் அப்படியே நின்றது. எங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அது விழவில்லையே என்று ஒரு நிமிடம் நானே நினைத்தேன், நினைத்ததற்கு நடுங்கிப்போனேன்.

ஆறாம் தேதி காலை பத்து மணி எட்டு நிமிடத்துக்கு, கல் லாரி கவிழ்ந்தது போல ஒரு சத்தம். கிழக்கு மூலை மேலிருந்து கீழ்வரை மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. அந்த நாலாவது மாடிக்காரர் தினமும் குளிக்க மட்டும் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அன்று படியில் இறங்கிக்கொண்டிருந்தவர் மாட்டிக்கொண்டார். உயிர் இருக்கிறது. ஒரு கால் போய்விட்டது. மற்ற யாருக்கும் கீறல் இல்லை. கணக்கெடுக்கக் கணக்கெடுக்க என்னால் நம்ப முடியவில்லை, நானும் பிள்ளைகளும் வகுப்பறை வகுப்பறையாகப் போய் மூன்று தடவை தலை எண்ணினோம்.

வக்கீல் தூசிக்குள் நோட்டோடு நின்றாள். நோட்டை என்னிடம் நீட்டினாள். நான் அவள் பக்கத்தில் நின்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அவள் வீடு இருந்த இடத்தில் மேல்மாடி ஜன்னல் ஒன்று கிடந்தது.

பெரிய பத்திரிகைகள் வந்துவிட்டன. எங்கள் பிள்ளைகளின் நோட்டைத்தான் கேட்கிறார்கள். பெயரைத் தெரிந்துகொள்ள வந்த அந்தச் சட்டைக்காரரைக் காணோம். ஆனாலும் இன்னும் நாங்கள் ஒன்றாகத்தான் போகிறோம், வருகிறோம்.

இரண்டாவது இதழ் தயார். வக்கீல் ஒரு வரியில் நிற்கிறாள். "பொறியாளர் எங்கள் ஆசிரியையின் அத்தான் என்று போட்டே ஆகணும் டீச்சர், மறைச்சா நாமளும் அவங்க மாதிரிதான்" என்றாள். போட்டாயிற்று. அடுத்து, "நகலை ஏழு வருடம் வைத்திருந்து அனுப்பியவர் அவருடைய மனைவி" என்று எழுதியிருக்கிறாள். ஏழு வருடம் என்பது உனக்குப் பெருமையா, குற்றமா என்று அவளுக்குத் தெரியவில்லையாம். எனக்கும் தெரியவில்லை. உன்னைக் கேட்காமல் போட மாட்டேன் என்கிறாள். என்ன சொல்லட்டும்?

உன் தங்கை

*

அக்டோபர் 17

அன்பு வாலுக்கு,

அவரைப் பார்த்தேன். மாத்திரை கொடுத்தேன். நன்றாகத் தூங்குகிறார் என்றார்கள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

அந்த நாலாவது மாடிக்காரரின் ஆஸ்பத்திரி விலாசம் அனுப்பு. நேரில் வருகிறேன். என்ன சொல்வதென்று தெரியாது, ஆனாலும் வருகிறேன்.

ஏழு வருடம் என்பதை அப்படியே போடச் சொல். ஏன் வைத்திருந்தேன் என்பதைக் குறைக்காமல், ஏன் இத்தனை நாள் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். அதை அவளே என்னிடம் கேட்கட்டும். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ரயில் வந்து சேர்கிறது. நோட்டோடு வரச் சொல்.

அக்கா